விடியலில் நாற்பது நிமிடம்

(குறுவள மையக் கூட்டத்தில், ஆசிரியர் நலன் குறித்த அமர்வில் பட்டதாரி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

காலையிலிருந்து அடைவுத் தேர்வு, கற்றல் விளைவுகள், பதிவேற்றம் என்று பேசிக் களைத்திருக்கிறீர்கள். சாப்பாட்டுக்கு முன்னால் இருபது நிமிடம் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் மருத்துவர் அல்லள், விளையாட்டு வீராங்கனையும் அல்லள். உங்களைப் போல ஒரு நடுநிலைப் பள்ளியில் கணக்குப் பாடம் எடுப்பவள். வயது 46. இரண்டு ஆண்டுகளாக, வாரத்தில் ஐந்து நாள், விடியற்காலையில் நாற்பது நிமிடம் சைக்கிள் ஓட்டுகிறேன். அதை வீட்டு வேலைக்கும் பள்ளிக்கும் நடுவில் எப்படிப் பொருத்தினேன், எங்கே சறுக்கினேன் என்பதை மட்டும் சொல்கிறேன்.

தொடக்கம் ஒரு இரத்தப் பரிசோதனைச் சீட்டு. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு 6.3 விழுக்காடு என்று இருந்தது. 5.7 முதல் 6.4 வரை இருந்தால் நோய்க்கு முந்தைய நிலை என்பார்கள். மருத்துவர், "இன்னும் மாத்திரை வேண்டாம், உடம்பை அசையுங்கள்" என்றார். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் கணக்கு, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடல் உழைப்பு. நான் வழக்கம்போல, "நேரம் எங்கே சார் இருக்கு?" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்தச் சீட்டைவிட என்னை உறுத்தியது வேறொன்று. எழுந்ததிலிருந்து ஓட்டம். சமையல், டிபன் பாக்ஸ், மாமியாருக்கு மாத்திரை, பதினான்கு கிலோமீட்டர் ஸ்கூட்டி. பள்ளி வாசலில் இறங்கும்போதே சிடுசிடுப்பு. அந்தச் சிடுசிடுப்பை வாங்கிக்கொண்டவர்கள் யார்? பிள்ளைகள்தான். ஏழாம் வகுப்பில் ஒரு சிறுமி வாரத்தில் மூன்று நாள் தாமதமாக வருவாள். முதல் பாடவேளை என்னுடையது. அவளை வகுப்புக்கு வெளியே நிற்க வைப்பேன். ஒருநாள் எல்லார் முன்னிலையிலும், "உனக்கெல்லாம் படிப்பு எதுக்கு?" என்று கேட்டுவிட்டேன். கேட்டது நான்தான். அவள் அழவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அந்த வார இறுதியில் அம்மா வீட்டுக்குப் போனேன். நேரமில்லை என்ற புலம்பலை அங்கேயும் தொடங்கினேன். அம்மா கடலை உரித்துக்கொண்டே, "எனக்கு மட்டும் எங்க நேரம் இருந்துச்சு? நெலா வெளிச்சத்துலதானே கத்துக்கிட்டேன்" என்றார்.

நம் புதுக்கோட்டை மாவட்டத்து மூத்தவர்களுக்கு இது புரியும். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் இங்கே நடந்தபோது, எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். அப்போது ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். களத்துமேட்டிலும் பள்ளி மைதானத்திலும் ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் பழகினார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதைப் பற்றி எழுதி நாடறியச் செய்தார். அப்போது எனக்கு வயது பன்னிரண்டு, பதின்மூன்று இருக்கும். பகலெல்லாம் கடலைக் கொல்லையில் வேலை செய்த அம்மா, இரவில் பள்ளி மைதானத்தில் விழுந்து எழுந்து கற்றுக்கொண்டார். பார் வைத்த ஆண்கள் சைக்கிள்தான் வேண்டும் என்பார்; முன்னால் தம்பியை உட்கார வைக்கலாம், பின்னால் தண்ணீர்க் குடம் கட்டலாம். ஊரில் கேலி பேசாமல் இல்லை. கொஞ்ச நாளில் கேலி பேசியவர்களே அவசரத்துக்கு மருந்து வாங்கிவர அம்மாவைத்தான் கூப்பிட்டார்கள்.

வீட்டுக்குத் திரும்பியதும் கொட்டகையைத் திறந்தேன். என் மகள் பதினோராம் வகுப்பில் படித்தபோது அரசு கொடுத்த விலையில்லா மிதிவண்டி அங்கே தூசி படிந்து நின்றது. அவள் கல்லூரி விடுதிக்குப் போய் ஓராண்டு ஆகியிருந்தது. கடைத்தெரு சைக்கிள் கடையில் டியூப், பிரேக் கட்டை, செயின் மூன்றையும் சரிசெய்து கொடுத்தார்கள். கடைக்காரர் சீட்டை உயர்த்தி வைத்தார். பெடல் கீழே இருக்கும்போது கால் ஏறக்குறைய நீண்டிருக்க வேண்டும், லேசாக மட்டும் மடங்கியிருந்தால் போதும் என்றார். தாழ்ந்த சீட்டில் ஓட்டி முழங்கால் வலி என்று நிறுத்தியவர்கள் இங்கேயும் இருப்பீர்கள். இன்றே சீட்டைப் பாருங்கள்.

இனி நேரக் கணக்கு. ஒரு வாரம் என் நேரத்தை நோட்டில் எழுதினேன். இரவு ஒன்பதரை முதல் பத்தரை வரை என்ன செய்தேன் என்று எழுத எனக்கே வெட்கமாக இருந்தது. பாதி நேரம் வாட்ஸ்அப் குழுக்கள். அலுவலகச் செய்தி இரண்டு இருக்கும். மற்றவை காலை வணக்கமும் ஓய்வூதிய விவாதமும். அந்த ஒரு மணி நேரத்தைத்தான் இரவிலிருந்து எடுத்துக் காலைக்குக் கொண்டுபோனேன்.

இப்போது இரவு ஒன்பது மணிக்குள் மறுநாள் காய் நறுக்கி டப்பாவில் வைத்துவிடுவேன். மாவு ஞாயிறும் புதனும் அரைப்பது. புடவை, பை, பாடக்குறிப்பு எல்லாம் ஓரிடத்தில். ஒன்பதே முக்காலுக்குப் படுக்கை. காலை நாலே முக்காலுக்கு எழுந்து, ஐந்தேகாலுக்குக் கிளம்பி, ஆறுக்குள் வீடு. கண்மாய்க்கரை, தைலமரக் காடு, பூத்தோட்டங்கள் வழியாகப் போய்வர எட்டு கிலோமீட்டர். நாற்பது நிமிடம் வீதம் ஐந்து நாளுக்கு 200 நிமிடம். வேகம் முக்கியமில்லை. பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அந்த அளவு மூச்சு வாங்கினால் போதும்.

சொல்லும்போது சுலபமாக இருக்கிறது. உண்மையில் முதல் இரண்டு மாதம் வீட்டில் யாருக்கும் இது பிடிக்கவில்லை. அத்தை, "இந்த வயசுல எதுக்கும்மா இது? நாலு பேரு பாக்குற ரோடு" என்றார். கணவர் எதிர்க்கவில்லை, உதவவும் இல்லை. ஆறு மணிக்கு வந்து பார்த்தால் பால் பாக்கெட் வாசலிலேயே கிடக்கும். மகன் அப்போது பத்தாம் வகுப்பு. அவனை எழுப்பிப் படிக்க வைக்காமல் ஊர் சுற்றுகிறேனோ என்ற குற்ற உணர்வு வேறு. அரையாண்டுத் தேர்வு நேரத்தில் மூன்று வாரம் நிறுத்தியே விட்டேன்.

மறுபடி தொடங்கிய நான்காம் நாள் நாய் துரத்தியது. பதறி வேகமாக மிதித்தேன், வாய்க்காலில் விழுந்தேன். வலது மணிக்கட்டில் சுளுக்கு. மூன்று வாரம் கட்டு. கரும்பலகையில் எழுத முடியவில்லை, கரண்டியும் பிடிக்க முடியவில்லை. அந்த மூன்று வாரம்தான் எங்கள் வீட்டில் வேலை பிரிந்தது. கணவர் பால் காய்ச்சினார், காபி போட்டார், இட்லி ஊற்றினார். முதல் நாள் இட்லி வேகவில்லை. மகன் தானே அலாரம் வைத்து எழுந்தான். கட்டுப் பிரித்த அன்று நான் மறுபடி அடுப்படிக்குப் போனபோது கணவர், "காலைல காபி, டிபன் நான் பாத்துக்கறேன். நீ போய்ட்டு வந்து மதியச் சாப்பாட்டப் பாரு" என்றார். நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். கேட்டால் குறைந்துபோவோம் என்று நினைத்து, எல்லாவற்றையும் நானே செய்துவிட்டு உள்ளுக்குள் புகைந்துகொண்டிருந்தேன். ஆண் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நீங்கள் நடைப்பயிற்சிக்குப் போகும் அந்த ஒரு மணி நேரம் வீட்டில் யாருடைய கையில் ஓடுகிறது என்று ஒருமுறை பாருங்கள்.

பாதுகாப்பு பற்றிச் சில வார்த்தை. நாய் துரத்தினால் வேகமாக மிதிக்காதீர்கள். இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு மெல்ல நடங்கள். கடித்துவிட்டால் சோப்புப் போட்டு, ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். மார்கழி, தை மாதங்களில் இங்கே ஆறரை மணிக்குத்தான் சூரியன் எட்டிப்பார்க்கிறது. அந்த மாதங்களில் முன்விளக்கும் பின்னால் சிவப்பு ஒளிர் பட்டையும் இல்லாமல் நான் கிளம்புவதில்லை. பனி இறங்கினால் அன்று விடுமுறை. ஐப்பசி, கார்த்திகை மழையில் வாரம் இரண்டு நாள் ஓட்டினாலே பெரிது. மற்ற நாளில் வீட்டுத் திண்ணையிலேயே நடை. விட்டுப்போன நாளைக் கணக்கில் ஏற்றி வருந்துவதில்லை. இருட்டில் தனியே போகவும் வேண்டாம். சனிக்கிழமை பக்கத்துப் பள்ளி ஆசிரியைகள் இருவர் என்னோடு வருகிறார்கள். மற்ற நாளில் பால்காரரும் பூக்காரர்களும் நடமாடும் பாதையில்தான் போகிறேன்.

பூக்காரர்கள் என்றதும் அந்தச் சிறுமிக்கு வருகிறேன். கீரமங்கலம் பக்கம் மல்லிகையும் முல்லையும் எவ்வளவு விளையும் என்று உங்களுக்குத் தெரியும். மொட்டு விரிவதற்குள் பறித்துக் கமிஷன் கடைக்குக் கொண்டுபோக வேண்டும். நான் சைக்கிள் எடுத்த இரண்டாம் வாரம், ஐந்தரை மணி இருக்கும், ஒரு தோட்டத்தில் சின்னச் சின்ன வெளிச்சங்கள் நகர்ந்தன. நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு பெண்கள் பூப்பறித்துக்கொண்டிருந்தார்கள். வேலியோரம் நின்ற சின்ன உருவம் என்னைப் பார்த்ததும் சட்டென்று விளக்கை அணைத்தது. அவள்தான். மடியில் மொட்டு. "குட் மார்னிங் டீச்சர்" என்றாள். என் குரல் எழவில்லை.

பதினான்கு ஆண்டுகளாக அதே பகுதியில் வேலை செய்கிறேன். ஸ்கூட்டியில் எட்டே முக்காலுக்குப் போகும்போது அந்தத் தோட்டம் வெறும் பச்சையாகத்தான் தெரிந்திருக்கிறது. அவள் நான்கரை மணிக்கே எழுந்து, அம்மாவோடு பறித்து, தம்பியைக் கிளப்பி, இரண்டு கிலோமீட்டர் நடந்து பள்ளிக்கு வருகிறாள் என்பது எனக்குத் தெரியாது. நான் கேட்டதும் இல்லை.

அன்று வகுப்பில் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். தனியாக அல்ல, எல்லார் முன்னிலையிலும். ஏனென்றால் அவமானப்படுத்தியதும் அங்கேதான். பிறகு அவள் அம்மாவைப் பார்த்தேன். பள்ளி நாட்களில் ஆறரைக்கு மேல் அவளைத் தோட்டத்தில் நிறுத்துவதில்லை என்று ஒத்துக்கொண்டார். தலைமையாசிரியரிடம் பேசி, முதல் பாடவேளையின் முதல் பத்து நிமிடத்தை முந்தைய நாள் கணக்குகளைத் திருப்பிப் பார்க்கும் நேரமாக மாற்றினேன். எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். பூ விலை ஏறும் முகூர்த்த மாதங்களில் அவள் இன்னும் தாமதமாகத்தான் வருகிறாள். ஆனால் வெளியே நிற்பதில்லை. உள்ளே வந்து உட்காருகிறாள்.

சைக்கிள் வகுப்புக்கும் வந்தது. ஏழாம் வகுப்பில் வட்டத்தின் சுற்றளவு நடத்தியபோது ஸ்கூட்டியை விட்டுவிட்டு அன்று மட்டும் சைக்கிளைப் பேருந்தில் ஏற்றாத குறையாக, பதினான்கு கிலோமீட்டரும் ஓட்டியே வந்தேன். பிள்ளைகள் சக்கரத்தின் விட்டத்தை அளந்தார்கள், 66 செ.மீ. 22/7 ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 207 செ.மீ. டயரில் சுண்ணாம்புக் கோடு போட்டு, ஒருவனை ஏற்றி உட்கார வைத்து உருட்டி அளந்தால் 205 தான் வந்தது. இரண்டு செ.மீ. எங்கே போனது என்று வகுப்பே சண்டை போட்டது. அந்தச் சிறுமிதான் சொன்னாள்: "அவன் ஏறினதும் டயர் அமுங்குது டீச்சர். அப்போ மையம் தரைக்குக் கிட்ட வந்துடும்ல?" நானே யோசித்திராத விளக்கம்.

எட்டு மாதம் கழித்துப் பரிசோதித்தபோது சர்க்கரை 5.9 என்று வந்தது. இரவுச் சோற்றையும் டீச் சர்க்கரையையும் குறைத்திருந்தேன். எல்லாப் புகழையும் சைக்கிளுக்குக் கொடுக்க முடியாது. கைக்குழந்தை வைத்திருப்பவர்கள், இரண்டு பேருந்து மாறி வருபவர்கள், முழங்கால் தேய்ந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். உங்களைச் சைக்கிள் ஓட்டச் சொல்லவில்லை. இதய நோய், இரத்த அழுத்தம் இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்டுத்தான் தொடங்க வேண்டும். ஒரு வாரம் மட்டும் உங்கள் நேரத்தை நோட்டில் எழுதிப் பாருங்கள். இருபது நிமிடம் கிடைத்தால் நடக்கலாம். கிடைக்காவிட்டால், வீட்டில் யாரிடம் எந்த வேலையைக் கேட்க வேண்டும் என்பதாவது தெரிந்துவிடும்.

போன மாதம் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். விடியற்காலையில் நான் கிளம்பும்போது திண்ணையில் உட்கார்ந்திருந்தவர், "காத்துப் பாத்தியா?" என்று கேட்டுக்கொண்டே எழுந்து வந்து பின்சக்கரத்தை அமுக்கிப் பார்த்தார். "கொஞ்சம் கம்மியா இருக்கு" என்றார். பம்பை எடுத்து வந்து அடித்துக்கொண்டுதான் போனேன்.