அதிகாரம் இல்லாத இடத்தில் தலைமை
(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தலைமைப் பண்பு பற்றி இருபது நிமிடம் பேசும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். ஏன் கேட்டார் என்று உங்களுக்கே தெரியும். அடுத்த மாதம் நிர்வாகக் குழுத் தேர்தல். ஏழு பொறுப்புகளுக்கு இதுவரை வந்திருக்கும் வேட்புமனு இரண்டுதான். பொருளாளர் பொறுப்புக்கு ஒருவரும் இல்லை. இப்போதைய பொருளாளர் தை மாதத்தோடு மகன் வீட்டுக்குக் குடிபெயர்கிறார். அவர் போய்விட்டால் காசோலையில் கையெழுத்துப் போட ஆள் இருக்காது. காவலாளிகளின் சம்பளமும் பொது போர்வெல்லின் மின்கட்டணமும் அந்தக் காசோலையில்தான் இருக்கின்றன.

தலைமை என்றதும் நேர்மை, தொலைநோக்கு, துணிச்சல் என்று ஒரு பட்டியல் வாசிப்பது வழக்கம். அந்தப் பட்டியல் வாரத்துக்கு ஒருமுறை நம் வாட்ஸ்அப் குழுவிலேயே வந்துவிடுகிறது, பெரும்பாலும் சூரிய உதயப் படத்தோடு. அதை நான் மறுபடி வாசிக்கப் போவதில்லை. வெவ்வேறு துறைகளில் சிலர் என்ன சிக்கலைச் சந்தித்தார்கள், அதற்கு என்ன செய்தார்கள் என்று மட்டும் பார்ப்போம். அதில் நமக்கு எது உதவும் என்று பிறகு யோசிக்கலாம்.

முதலில் மருத்துவமனை. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையை நிறுவிய டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி, அரசுப் பணியில் ஓய்வு பெற்றபின், 1976இல் 11 படுக்கைகளோடு அதைத் தொடங்கினார். இளம் வயதில் வந்த முடக்குவாதத்தால் அவருடைய கைவிரல்கள் கோணிப் போயிருந்தன. அந்த விரல்களாலேயே கத்தியைப் பிடிக்கப் பழகி, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைச் சிகிச்சைகளைச் செய்தவர். இந்தக் கதையை எல்லோரும் அவருடைய மன உறுதிக்காகச் சொல்வார்கள். எனக்கு அதைவிடப் பெரியதாகத் தெரிவது வேறொன்று.

இவ்வளவு கைத்திறன் உள்ளவருக்கு ‘நானே செய்கிறேன், நகருங்கள்’ என்று சொல்லத்தான் தோன்றும். கண்புரையால் பார்வையிழந்தவர்களோ லட்சக்கணக்கில். ஒருவர் இரவும் பகலும் உழைத்தாலும் தீராது. அவர் வேலையைப் பிரித்தார். சர்ஜன் மட்டுமே செய்யக்கூடிய வேலையைச் சர்ஜன் செய்வது, மற்ற எல்லாவற்றையும் பயிற்சி பெற்றவர்கள் செய்வது. பள்ளிப் படிப்பு முடித்த கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்து, பார்வை அளக்கவும், நோயாளியை அறுவைச் சிகிச்சைக்குத் தயார் செய்யவும், பயப்படுபவரிடம் பக்குவமாகப் பேசவும் பழக்கினார்கள். அறுவை அரங்கில் ஒரு சர்ஜனுக்கு இரண்டு மேசை. ஒன்றில் சிகிச்சை நடக்கும்போதே அடுத்ததில் நோயாளி தயாராக இருப்பார். முடித்ததும் மருத்துவர் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்வார். பணம் கட்டுபவர்களின் வருமானத்தில் கட்ட இயலாதவர்களுக்கும் சிகிச்சை நடந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த செயற்கை லென்ஸ் ஏழைக்கு எட்டாத விலையில் இருந்தபோது, 1992இல் ஆரோலேப் தொடங்கி மதுரையிலேயே தயாரித்தார்கள். 2006இல் அவர் காலமானார். மருத்துவமனை அதற்குப் பிறகும் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது.

நம் பொருளாளர் பொறுப்புக்கு ஏன் ஆள் வரவில்லை என்பதற்கு இதிலேயே பாதி விடை இருக்கிறது என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு வருகிறேன்.

அடுத்து பொறியியல். 1964 டிசம்பர் புயலில் பாம்பன் ரயில் பாலம் சிதைந்தது. சரிசெய்ய ரயில்வே முதலில் கொடுத்த அவகாசம் ஆறு மாதம், பிறகு அது மூன்றாகக் குறைக்கப்பட்டது. அப்போது 32 வயதுப் பொறியாளராக இருந்த ஈ. ஸ்ரீதரன் 46 நாளில் முடித்தார். கடலுக்குள் கிடந்த கர்டர்களையே மீட்டெடுத்துப் பயன்படுத்தியது அதற்குப் பெரிதும் உதவியது. பின்னாளில் டெல்லி மெட்ரோ பணியிடங்களில் ‘இன்னும் இத்தனை நாள்’ என்று காட்டும் பலகைகளை அவர் வைத்தார். வேலை தாமதமானால் யாரும் அறிக்கை எழுதி விளக்க வேண்டியதில்லை, பலகையே சொல்லிவிடும். ஆனால் அவர் கையில் அரசாணை இருந்தது, நிதி இருந்தது, ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமை இருந்தது. நம்மிடம் அவை கிடையாது. பலகை மட்டும் வைக்கலாம். அதற்குச் செலவு ஒன்றுமில்லை.

மூன்றாவது, விண்வெளி ஆய்வு. இது உங்களில் பலருக்குத் தெரிந்த கதை என்பதால் சுருக்கிவிடுகிறேன். 1979 ஆகஸ்ட் 10 அன்று எஸ்.எல்.வி.-3 ராக்கெட் வங்காள விரிகுடாவில் விழுந்தது. திட்ட இயக்குநர் அப்துல் கலாம். கணினி நிறுத்தச் சொன்னபோதும், வல்லுநர்கள் கருத்தைக் கேட்டு, ஏவலாம் என்று முடிவெடுத்தவர் அவரே. பத்திரிகையாளர்கள் முன்னால் போய் நின்று பொறுப்பேற்றவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலை 18 அன்று வெற்றி கிடைத்தபோது, பேசும் இடத்தைக் கலாமுக்கு விட்டுக்கொடுத்தார்.

தவான் பழியை ஏற்றதைத்தான் எல்லோரும் சொல்கிறோம். தோல்விக்கும் வெற்றிக்கும் இடையிலான அந்தப் பதினொரு மாதத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. என்ன கெட்டுப்போனது என்று ஆராய்ந்து, இரண்டாம் கட்டத்தின் கட்டுப்பாட்டு அமைப்பில் ஒரு வால்வு கசிந்ததைக் கண்டுபிடித்தார்கள். அதே கலாமிடமே அடுத்த ராக்கெட்டையும் ஒப்படைத்தார்கள். பழி ஏற்பது ஒரு நாள் வேலை. தவறிய ஆளிடமே வேலையைத் திரும்பக் கொடுப்பதற்குத்தான் நெஞ்சுரம் வேண்டும்.

நம் நகரில் என்ன நடந்தது? போன மழைக்கு முன்பு ஒரு இளைஞர் தானாக முன்வந்து வடிகால் தூர்வாரும் வேலையை ஏற்றுக்கொண்டார். அலுவலகத்துக்கு விடுப்பு எடுத்து, மூன்று பேரிடம் விலைப்புள்ளி வாங்கி, குறைந்த விலை சொன்னவரிடம் கொடுத்தார். ஒப்பந்தக்காரர் பாதியில் போய்விட்டார். இரண்டு தெருவில் தண்ணீர் நின்றது. அன்று இரவு பதினொரு மணிக்கு மேல் நம் வாட்ஸ்அப் குழுவில் வந்த செய்திகள் நினைவிருக்கும். ‘எவ்வளவு கமிஷன்’ என்று கேட்டவர் உட்பட. செயற்குழுவில் ஒருவராவது ‘ஒப்புதல் கொடுத்தது நாங்கள், எங்களைக் கேளுங்கள்’ என்று எழுதியிருக்கலாம். யாரும் எழுதவில்லை. அந்த இளைஞர் அதற்குப் பிறகு எந்தக் கூட்டத்துக்கும் வரவில்லை. பொறுப்புக்கு ஆள் வராததற்கு மீதிப் பாதி விடை இது.

கடைசியாக, நமக்கு மிக நெருக்கமான உதாரணம். குஜராத்தின் ஆனந்த் ஊர், பால் கூட்டுறவு. அமுல் என்றால் நமக்கு வர்கீஸ் குரியன் பெயர்தான் நினைவுக்கு வரும். அவர் 1949இல் அங்கே போவதற்கு முன்பே, 1946இல், அந்தச் சங்கத்தைக் கட்டியவர் திரிபுவன்தாஸ் படேல். வியாபாரிகள் வைத்ததே பாலுக்கு விலை என்றிருந்த காலம். அவர் ஊர் ஊராகப் போய் விவசாயிகளிடம் பேசினார். அவர் யாருக்கும் முதலாளி இல்லை. பால் ஊற்ற மாட்டேன் என்று ஒரு விவசாயி சொன்னால் அவரால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. சந்தா கட்ட மாட்டேன் என்று ஒரு வீட்டுக்காரர் சொன்னால் நம் செயலாளர் நிற்கும் அதே இடம்தான்.

விவசாயிகள் எப்படி நம்பினார்கள்? பாலின் கொழுப்பு அளவு அவர்கள் கண்ணெதிரே சோதிக்கப்பட்டது. பெரிய நிலக்காரர், ஒரே எருமை வைத்திருப்பவர், எந்தச் சாதிக்காரர் என்றாலும் ஒரே வரிசை. காலையில் ஊற்றிய பாலுக்கு மாலையில் பணம். தலைவர் நல்லவரா கெட்டவரா என்று யாரும் ஆராயத் தேவையே இருக்கவில்லை. கணக்கு அன்றன்றே தீர்ந்தது.

திரிபுவன்தாஸ் இன்னொன்றும் செய்தார். தனக்கு நிர்வாகம் தெரியாத இடத்தில் தெரிந்தவரைக் கொண்டுவந்து, அவர் வேலையில் கை வைக்காமல் இருந்தார். விவசாயிகளையும் அரசியல்வாதிகளையும் தலைவர் பார்த்துக்கொண்டார். நிர்வாகத்தைக் குரியன் பார்த்தார். எருமைப் பாலிலிருந்து பவுடர் எடுக்க முடியாது என்று வெளிநாட்டு நிபுணர்கள் சொன்னதை எச்.எம். தலாயா செய்து காட்டினார். மூன்று பேர், மூன்று வேலை.

1970களின் தொடக்கத்தில் திரிபுவன்தாஸ் தாமாகவே தலைவர் பொறுப்பிலிருந்து விலகினார். உறுப்பினர்கள் ஆளுக்கு ஒரு ரூபாய் போட்டு ஆறு லட்சம் ரூபாயை அவரிடம் கொடுத்தார்கள். அதை வைத்துக் கிராமப்புற மருத்துவச் சேவைக்கான ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார். குரியனின் விடைபெறல் இவ்வளவு இனிமையாக அமையவில்லை. நாட்டுக்கே பால் வார்த்த மனிதர், 2006இல் குஜராத் கூட்டமைப்பின் தலைவர் பொறுப்பை மனக்கசப்புக்கிடையே விட்டுப்போக நேர்ந்தது. அவரைக் குறை சொல்லும் தகுதி எனக்கில்லை. எவ்வளவு பெரியவருக்கும் நாற்காலியைவிட்டு எழுந்திருப்பது எவ்வளவு கடினம் என்பதற்காகச் சொல்கிறேன். நம் சங்கத்திலும் சிலர் பதினைந்து வருடமாக இருக்கிறார்கள். பதவி ஆசை என்று வெளியே பேச்சு. எனக்கு அப்படித் தெரியவில்லை. ஒப்படைக்க ஆள் இல்லை, அதுதான் காரணம். ஆளைத் தயார் செய்யவும் இல்லை, அதுவும் உண்மை.

இனி நம் விஷயம். பொருளாளர் இன்று செய்யும் வேலைகளை எழுதச் சொல்லிக் கேட்டேன். வீடு வீடாகச் சந்தா வசூல், ரசீது, வங்கிக்கு நடப்பது, காவலாளி சம்பளம், பிளம்பரிடம் பேரம், தணிக்கையாளரிடம் ஓட்டம். இதையெல்லாம் ஒரே ஆள் செய்ய வேண்டும் என்றால் வேலைக்குப் போகும் யாரும் வர மாட்டார்கள். வசூலைத் தெருவுக்கு ஒருவரிடம் கொடுக்கலாம். பதிவு எழுதுவதைக் கணக்கு தெரிந்த ஒருவரிடம் கொடுக்கலாம். பொருளாளர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டால் போதும். பொருளாளருக்கு ஒரு துணைப் பொருளாளர், இரண்டு வருடத்தில் அவரே பொருளாளர். மாத வரவு செலவு ஐந்தாம் தேதிக்குள் அறிவிப்புப் பலகையில்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். தண்ணீர் எந்தத் தெருவுக்கு எப்போது வருகிறது, எந்த விளக்கு எரியவில்லை, குப்பை வண்டி எத்தனை நாளாக வரவில்லை என்பதெல்லாம் இந்த நகரில் பெண்களுக்குத்தான் தெரியும். நம் செயற்குழுவில் இதுவரை ஒரு பெண்கூட இருந்ததில்லை. கூட்டத்தை இரவு எட்டு மணிக்கு, சமையல் நேரத்தில் வைத்துவிட்டு, பெண்கள் வருவதில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். நேரத்தை மாற்றும்படி இந்தக் கூட்டத்திலேயே தீர்மானம் கொண்டுவருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

வாட்ஸ்அப் பற்றி ஒரே வேண்டுகோள். செலவு பற்றிய கேள்வியை யாரும் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் பொறுப்பேற்றவரின் பெயரைப் போட்டு இரவில் எழுதாதீர்கள். மாதக் கூட்டத்தில் கேளுங்கள். பதில் சொல்ல வேண்டியது செயற்குழு மொத்தமும். வடிகால் வேலை செய்த அந்தத் தம்பியின் வீட்டுக்குத் தலைவரும் செயலாளரும் நேரில் போய், இந்த வருட வடிகால் வேலையை அவரே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். மழை தொடங்கும் முன் போங்கள், ஐயா.

வேட்புமனுப் படிவம் சங்க அலுவலகத்தில் கிடைக்கிறது. இந்த மாதம் எல்லா ஞாயிற்றுக்கிழமையும் காலை பத்து மணி முதல் பன்னிரண்டு வரை பொருளாளர் கணக்குப் புத்தகங்களோடு அங்கே இருப்பார். யார் வேண்டுமானாலும் வந்து புரட்டிப் பார்க்கலாம், சந்தேகம் கேட்கலாம். வந்தால் வேட்புமனு போட வேண்டும் என்று யாரும் பிடித்து வைக்க மாட்டார்கள்.