குடியும் ஈரலும்



அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1848ஆம் ஆண்டில் மானிப்பாயில் மருத்துவப் பணி தொடங்கினார். மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூறு, இரணவைத்தியம் முதலியவை பற்றிய நூல்களைத் தமிழிற் பெயர்த்தளித்தார். அவர் பெயர் தாங்கிய மருத்துவமனை அவ்வூரில் இன்றும் உண்டு. உடலின் இயல்பைத் தாய்மொழியில் விளங்கிக்கொண்டால் தவறான எண்ணங்கள் பல தாமே அகலும். அத்தகைய எண்ணமொன்றை இன்று ஆராய்தல் தகும்.

“எத்தனை பிளாக் கள்ளுக் குடித்தாலும் அவன் கால் தள்ளாடாது, அவன் உடம்பு இரும்பு” என்று சிலரைப் புகழ்வது ஊர்வழக்கு. அது உண்மையில் உடல்வலிமைதானா?

சுண்ணாம்பு இடாத முட்டியில் இறங்கும் பனஞ்சாறு நொதித்துக் கள்ளாகிறது. கள்ளிலுள்ள அற்ககோலும் சாராயத்திலுள்ள அற்ககோலும் ஒன்றே, அளவே வேறு. குடித்த அற்ககோலின் பெரும்பகுதியை ஈரலே மாற்றியமைக்கிறது. அங்குள்ள ஒரு நொதியம் அதனை அசற்றல்டிகைட்டு என்னும் நஞ்சாக்கும். மற்றொரு நொதியம் அந்நஞ்சைத் தீங்கு குறைந்த அசற்றேற்றாக்கும். கோப்பி குடித்தோ குளிர்நீரில் முழுகியோ இவ்வேலையை விரைவுபடுத்த இயலாது.

நாள்தோறும் குடிப்பவரிடத்தில் வேறொரு வழியும் வலுப்பெறுகிறது. இதனை அமெரிக்காவில் ஆராய்ச்சி செய்த சாள்ஸ் லீபர், லியனோர் டிக்காளி என்னும் இருவர் 1968ஆம் ஆண்டில் விளக்கினர். ஓயாது வேலை குவியும்போது ஆட்களைக் கூட்டுவதுபோல, ஈரல் இவ்வழிக்குரிய நொதியத்தைப் பெருக்கிக்கொள்கிறது. அற்ககோல் முன்னிலும் விரைவாக மாற்றமடைகிறது. மூளையும் அதற்குப் பழகிவிடுகிறது. ஆகவே கால் தள்ளாடுவதில்லை. வெறிகொள்ள மேலும் குடிக்க வேண்டியிருக்கிறது. ஊரார் இரும்பென்று புகழ்ந்தது இதனையே.

இந்நொதியம் இயங்குந்தோறும் உயிரணுக்களை அரிக்கும் ஒட்சிசன் துணிக்கைகள் தோன்றுகின்றன. ஈரலிற் கொழுப்புப் படிகிறது. சிலருக்கு அழற்சி உண்டாகிறது. ஈற்றில் ஈரல் தழும்பேறி இறுகுகிறது. அந்நிலையை அடைந்தவர் முன்பு தாங்கிய அளவை இப்போது தாங்கமாட்டார், சிறிதளவுக்கே மயங்குவார்.

இன்னோர் ஆபத்தும் உண்டு. தலையிடிக்கு உட்கொள்ளும் பரசிற்றமோலின் ஒரு பகுதியை நஞ்சாக மாற்றுவதும் இதே நொதியமே. ஆதலின், நாளும் குடிப்பவர் வைத்தியரைக் கேளாது அம்மருந்தை உட்கொள்ளலாகாது. அளவு மீறினால் உயிருக்கே இடராகும்.

ஈரல் கெடத் தொடங்கும்போது பெரும்பாலும் வலி தோன்றாது. குருதிச் சோதனையில் ஈரல் நொதியங்களின் அளவு கூடியிருப்பதே பலருக்கு முதல் எச்சரிக்கை. கொழுப்பு மட்டும் படிந்த நிலையில் குடியை முற்றாக விட்டால், சில வாரங்களில் ஈரல் பெரும்பாலும் தேறிவிடும். பெருகிய நொதியமும் பழைய அளவுக்குத் திரும்பும். தழும்பேறியபின் அவ்வளவு எளிதாக மீட்சியில்லை.

பல்லாண்டு மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பும் மனக்குழப்பமும் நேரலாம். வைத்தியரின் துணையோடு நிறுத்துவதே பாதுகாப்பு. ஆகவே, தள்ளாடாத காலைப் புகழ்வதை விடுத்து, அவரைக் காலந்தாழ்த்தாது மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது சுற்றத்தாரின் கடமையாகும்.