கண்காட்சிக் குட்டிகள்: தீனியும் நடையும்



1956 நவம்பர் 1-ஆம் நாள் விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தது; நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு விழுந்ததே தவிர, பாறசாலை, தனுவச்சபுரம் பகுதியின் வேளாண் வாழ்வு மாறிவிடவில்லை. இருபுறமும் தென்னை, வாழை, மரச்சீனி, ரப்பர். கொல்லையில் ஒன்றிரண்டு வெள்ளாடுகள். கேரளத்தில் செம்மறி மிகக் குறைவு. ஆகவே, கண்காட்சிக்குக் குட்டி வளர்ப்பது பற்றி இங்கு பேசும்போது மலபாரி வெள்ளாட்டையே மனத்தில் கொள்கிறேன்.

குட்டி பருத்திருப்பது வேறு. தசைப்பிடிப்போடு இருப்பது வேறு. தசையில் ஏறத்தாழ முக்கால் பங்கு நீர். கொழுப்பில் நீர் மிகக் குறைவு. எனவே ஒரு கிலோ கொழுப்பை ஏற்றுவதற்கு ஒரு கிலோ தசையை ஏற்றுவதைவிட மிகுதியான தீனி செலவாகிறது. ஏழைக் குடும்பத்துக்கு ஆடு ஒரு சேமிப்பு. அச்சேமிப்பைக் கொழுப்பாக்கி வீணடிப்பது முறையன்று.

தசைக்கு அடிப்படை புரதம். பிறந்த இரண்டு, மூன்று வாரங்களில் பாலுடன் குட்டித் தீவனத்தையும் பழக்கலாம். வளரும் குட்டியின் அடர்தீவனத்தில் 16 முதல் 18 விழுக்காடு புரதம் வேண்டும். உலர்பொருள் கணக்கில் உடல் எடையின் 3 முதல் 4 விழுக்காடு வரை உண்ணும். 20 கிலோ குட்டிக்கு இது 600 முதல் 800 கிராம். பலாவிலை, அகத்தி போன்ற தழைகளோடு கடலைப் பிண்ணாக்கு, தேங்காய்ப் பிண்ணாக்கு, தானியம், தவிடு, தாது உப்புக் கலவை சேர்த்து இதனை நிறைவு செய்யலாம். பூஞ்சை பிடித்த பிண்ணாக்கை அறவே தவிர்க்க வேண்டும்.

மரச்சீனி இலையிலும் ரப்பர் இலையிலும் சயனைடு நஞ்சு உருவாகும் பொருள்கள் உள்ளன. பச்சையாகத் தின்னும் குட்டி சில மணி நேரத்திலேயே மடியக்கூடும். மரச்சீனி இலையை நன்கு உலர்த்தினால் நஞ்சு பெரிதும் குறைகிறது; அப்போதும் சிறிதளவே தரலாம். ரப்பர் இலையை அணுகவே விடலாகாது.

பரிசு ஆசையில் அடர்தீவனத்தைத் திடீரெனக் கூட்டுவதும் ஆபத்து. வயிற்றில் அமிலம் மிகும். துள்ளுமாரி நோய் தாக்கி ஓரிரவில் குட்டி இறக்கலாம். எனவே முன்னதாகத் தடுப்பூசி போட்டு, 50 கிராமில் தொடங்கி, மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை 50 கிராம் வீதம் கூட்டுக. கிடாக்குட்டிகளுக்குச் சிறுநீர்க்கல் வராதிருக்க, சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரசும் ஏறக்குறைய 2:1 என்ற அளவில் அமைதல் வேண்டும். தூய நீரும் எப்போதும் இருத்தல் வேண்டும்.

அடுத்தது நடை. முளையில் கட்டிய குட்டிக்குத் தொடை இறுகாது. கண்காட்சிக்கு ஆறு முதல் எட்டு வாரம் முன்பிருந்து, அதிகாலையில் 10 நிமிடம் நடத்தித் தொடங்கி, படிப்படியாக அரைமணி வரை உயர்த்தலாம். மெல்லிய மேட்டில் ஏறுவது பின்தொடைக்கு நன்று. வாய்திறந்து மூச்சிரைத்தால் நிறுத்துக. ஆயினும் நடை தீனிக்கு மாற்றன்று. புரதம் குறைந்த குட்டியை விரட்டினால் உள்ள தசையும் கரையும்.

எடைக்கருவி இல்லையேல், மார்புச் சுற்றளவை அங்குலத்தில் அளந்து அதே எண்ணால் பெருக்கி, தோள்முனையிலிருந்து பின் இடுப்பெலும்பு முனை வரையுள்ள நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் கிலோ கணக்கில் தோராய எடை கிடைக்கும்.

அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள். பரிசு வழங்குமுன் குட்டியின் முதுகையும் தொடையையும் கையால் அழுத்திப் பாருங்கள். வாராந்தர எடைக் குறிப்பையும் தீவனச் செலவையும் கேளுங்கள். அண்டை வீட்டார் பின்பற்றக்கூடிய வளர்ப்புக்கே முதற்பரிசு சேரட்டும். அப்போது கண்காட்சி ஒருநாள் வேடிக்கையாக முடியாமல், ஊருக்கான பாடமாக நிலைக்கும்.