கணிப்பொறிக்கும் காவல் வேண்டும்
(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



புலவர் பெருமக்கள் வீற்றிருக்கும் இவ்வவையில் இலக்கியம் பேச, மெட்ரிகுலேஷன் அளவே பயின்ற ரயில்வே எழுத்தனாகிய எனக்குத் தகுதி போதாது. ஆயினும், நம் காலனிப் பிள்ளைகள் பலர் கணிப்பொறிக் கல்வி பயிலும் இந்நாளில், அத்துறையில் பெற்றோர் அதிகம் கேள்விப்படாத ஒரு பணியைப் பற்றிச் சொல்வது பயனுடைத்து எனக் கருதினேன். பல்கலைக் கழகத்தில் அமர்ந்து, களவுக்கு இடந்தராத கணிப்பொறிச் செயலியை வடிவமைக்கும் ஆராய்ச்சிப் பணியே அது.

செயலி என்பது கணிப்பொறியின் மூளை. ஊரிலுள்ள பெற்றோருக்கு நாம் அனுப்பும் பணம், முதியோரின் ஓய்வூதியம், ரயில் முன்பதிவு ஆகிய யாவும் இன்று செயலிகளின் வழியாகவே நடைபெறுகின்றன. அம்மூளை ஏமாந்தால் நாமும் ஏமாறுவோம்.

அஃது ஏமாறுவது எங்ஙனம்? கணிப்பொறியின் நினைவகத்தைப் பெரிய கட்டடமாகக் கொள்வோம். ஒவ்வொரு மென்பொருளுக்கும் அதில் ஒரு கூடம் உண்டு. கூடத்தினுள் எண்ணிட்ட அறைகள் பல உண்டு. வழக்கமான செயலி, கூடத்தின் வாயிலைக் காவல் செய்கிறது. உள்ளேயோ அறைக்கு அறை காவல் இல்லை. எண்ணைச் சொன்னால் அறை திறந்துவிடும்.

2014ஆம் ஆண்டில் வெளிப்பட்ட ‘ஹார்ட்பிளீட்’ என்னும் குறையை எடுத்துக்கொள்ளுங்கள். இணையச் செய்திகளை இரகசியமாகக் காப்பதற்கென்றே எழுதப்பட்ட ஓப்பன்எஸ்எஸ்எல் என்னும் மென்பொருளில் அது இருந்தது. ஒருவன் சிறு சொல்லை அனுப்பி, அதன் நீளத்தை மட்டும் பெரிதாகக் கூறித் திருப்பிக் கேட்டால், பக்கத்து அறைகளில் இருந்தவற்றையும் சேர்த்து, ஒரு முறைக்கு 64 கிலோபைட் வரை அது அள்ளிக் கொடுத்தது! பிறருடைய கடவுச்சொற்களும் அதில் அகப்படக்கூடும். தாங்கள் ஆண்டுதோறும் திருத்தும் பாதுகாப்புக் குறைகளுள் ஏறத்தாழ 70 விழுக்காடு இத்தகைய நினைவகப் பிழைகளே என்று மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தார் 2019இல் அறிவித்தனர்.

மென்பொருள் எழுதுவோர் கவனமாக எழுதினால் என்ன என்று கேட்கலாம். ரயில்வேயில் உள்ளோர் இதற்கு விடை அறிவர். இண்டர்லாக்கிங் அமைந்த நிலையத்தில், பாயிண்டு சரியாகப் பொருந்தாதவரை, லீவர்மேன் எவ்வளவு இழுத்தாலும் கைகாட்டி இறங்காது. மனிதன் அயர்ந்தாலும் இயந்திரம் அயராதிருக்க வேண்டும் என்பதே அதன் தத்துவம். அதே தத்துவத்தைச் செயலிக்குள் புகுத்த முனைந்தவர்கள்தாம் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகத்தார். கலிபோர்னியாவிலுள்ள எஸ்.ஆர்.ஐ. ஆராய்ச்சி நிலையத்தாருடன் கூடி 2010இல் தொடங்கிய அவர்களுடைய முயற்சிக்குச் ‘செரி’ என்று பெயர்.

அதன் கருத்து எளிது. அறை எண்ணை மட்டும் சொன்னால் போதாது. பயணச்சீட்டும் காட்ட வேண்டும். எங்கிருந்து எதுவரை செல்லலாம், படிக்க மட்டுமா, எழுதவும் உரிமை உண்டா என்பதெல்லாம் அச்சீட்டில் உள்ளன. 64 பிட் அளவாக இருந்த முகவரி இதனால் 128 பிட் ஆயிற்று. சீட்டு மெய்யானது என்பதற்கு முத்திரையாகத் தனியே ஒரு பிட்டும் உண்டு. எவரேனும் சீட்டைத் திருத்தினால் முத்திரை அழிந்துவிடும். சீட்டின் தூரத்தைக் குறைத்துப் பிறருக்கு வழங்கலாமேயன்றிக் கூட்ட இயலாது. இதற்காக நினைவகம் சற்றுக் கூடுதலாகச் செலவாகிறது. பழைய மென்பொருளையும் ஓரளவு திருத்த வேண்டியிருக்கிறது. எனினும் காவலுக்கு விலை உண்டன்றோ?

இவ்வெண்ணம் ஒரே நாளில் பிறந்ததன்று. 1970ஆம் ஆண்டுகளிலேயே அதே கேம்பிரிட்ஜில், உரிமைச்சீட்டு முறையில் ‘கேப்’ என்னும் கணிப்பொறியைச் செய்து பார்த்தனர். பின்வந்தோர் அவ்வித்தை முளைக்கச் செய்தனர். ஆர்ம் நிறுவனத்தார் ‘மொரெல்லோ’ என்னும் சோதனைப் பலகையை 2022 ஜனவரியில் வெளியிட்டனர்.

இதில் ஆராய்ச்சியாளரின் வேலை யாது? வடிவத்தை எழுதுவர், மாற்றி அமைக்கத்தக்க சில்லுகளில் அதை ஓட்டிப் பார்ப்பர், திருடனைப்போல் தாமே தாக்கிப் பார்ப்பர். கணித வல்லுநர், காவலில் ஓட்டை இல்லை என்பதைத் தருக்க முறையில் நிறுவ முயல்வர். கண்டதை உலகினர் அனைவரும் எடுத்தாள வெளியிடுவர். இத்தகைய பதவிகள் பெரும்பாலும் சில ஆண்டுகளுக்கே உரியவை. முனைவர் பட்டமும் பொறுமையும் வேண்டுபவை. தனியார் கம்பெனிச் சம்பளத்தை அங்கே எதிர்பார்த்தல் கூடாது.

இஃது அயல்நாட்டாருக்கே உரியது என்றும் எண்ண வேண்டா. சென்னை ஐ.ஐ.டி.யில் 2014ஆம் ஆண்டில் ‘சக்தி’ என்னும் செயலி முயற்சி தொடங்கிற்று. 2018இல் அதன் ஒரு வகை சண்டிகரிலுள்ள செமிகண்டக்டர் ஆய்வகத்திலேயே சில்லாக உருப்பெற்றது. நினைவகக் காவலைச் ‘சக்தி’யில் சேர்க்கும் ஆராய்ச்சியும் அங்கே நடந்துள்ளது.

பெற்றோர்களே! பட்டம் பெற்றவுடன் சம்பளம் கொண்டுவர வேண்டும் என நாம் விரும்புவது இயல்பே. மாதச் சம்பளத்தை நம்பிப் பிழைக்கும் குடும்பங்களின் கவலையை நானும் அறிவேன். ஆனால் உங்கள் மகளோ மகனோ, ‘இன்னும் சில ஆண்டுகள் ஆராய்ச்சி செய்கிறேன்’ என்று தயங்கித் தயங்கிக் கேட்டால், உடனே மறுத்துவிடாதீர்கள். இயலுமா என்று குடும்பமாக அமர்ந்து கணக்குப் பாருங்கள். உதவித்தொகை உண்டா என விசாரியுங்கள். முகமறியாத கோடி மக்களின் சேமிப்பைக் காக்கும் பூட்டு, அப்பிள்ளையின் கையால் உருவாகக்கூடும்.