பெயர் ஒன்று, ஆள் வேறு
(வட்டத்தின் பத்தாம் ஆண்டு அரங்கில் ஆற்றிய உரை)



விரும்பிய பொருளில் பேசலாம் என்று எனக்கு உரிமை தந்தார்கள். விமான நிலையங்களில் தவறாகத் தடுக்கப்பட்டவர்களைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும், "அதற்கும் நம் வட்டத்துக்கும் என்ன உறவு?" என்று செயலாளர் புன்னகைத்தார். உறவு உண்டு. அது பெயர் வழியாக வந்த உறவு. புலவர்களாகிய நமக்குப் பெயரைக் காட்டிலும் நெருங்கிய பொருள் வேறு எது?

நம் நகரியத்தில் வட்டம் என்ற சொல்லைக் கேட்டால் இலக்கியம் நினைவுக்கு வருவது இரண்டாவதாகத்தான். முதலில் வருவது வீட்டு முகவரி. 1956-இல் நிறுவனம் தோன்றிய நாள்முதல் பல மாவட்டத்தாரும் வந்து குடியேறிய ஊர் இது. ஆறுமுகங்களுக்கும் செல்வராஜுகளுக்கும் இங்குப் பஞ்சமில்லை. எனவே முதற் சுரங்கத்து ஆறுமுகம், அனல்மின் நிலையத்து ஆறுமுகம், கவிதை எழுதும் ஆறுமுகம் என்று பிரித்துச் சொல்லிப் பழகிவிட்டோம். என் பெயர் கொண்ட இன்னொருவரும் இந்நகரியத்தில் வாழ்கிறார். அவருக்கு உரிய பொங்கல் வாழ்த்துகள் சில ஆண்டுகள் என் வீட்டுக்கு வந்தன. எனக்கு உரியவை அவர் வீட்டுக்குப் போயிருக்கலாம். அதனால் எங்களுக்கு ஒரு நட்பு வாய்த்ததேயன்றிக் கேடொன்றும் விளையவில்லை.

இந்தப் பிரித்தறியும் கலை நமக்குப் புதிதன்று. சங்கப் பாடல்களைத் தொகுத்தவர்களை எண்ணிப் பாருங்கள். நக்கீரர் என்று மட்டும் எழுதி அவர்கள் விட்டுவிடவில்லை. மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்று ஊரையும் தந்தையையும் சேர்த்து எழுதினார்கள். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்று தொழிலைச் சேர்த்தார்கள். உறையூர் மருத்துவன் தாமோதரனார் என்றார்கள். கபிலருள் ஒருவரைத் தொல்கபிலர் என்று காலத்தால் பிரித்தார்கள். ஒக்கூரில் மாசாத்தனாரும் உண்டு, மாசாத்தியாரும் உண்டு. ஈற்றெழுத்துகள் சிலவே வேறுபாடு. அவற்றை ஏடெழுதுவோன் சற்றே மாற்றி எழுதியிருந்தால் ஒரு பெண்பாற் புலவரை நாம் இழந்திருப்போம். இயற்பெயர் கிடைக்காத இடத்திலோ, பாட்டிலுள்ள அழகிய தொடரையே பெயராகச் சூட்டிச் செம்புலப்பெயனீரார் என்றும் தேய்புரிப்பழங்கயிற்றினார் என்றும் வழங்கினார்கள். ஒருவர் பாட்டு மற்றொருவர் பேரில் ஏறிவிடக் கூடாது என்ற கவலை அந்தப் பெயர்களில் தெரிகிறது.

ஔவையார் எத்தனை பேர் என்பதில் நம் அறிஞர்கள் இன்னும் முழுமையாக உடன்படவில்லை. அதனால் எவருக்கும் இன்னல் இல்லை. பெயர்க் குழப்பம் ஏட்டிலிருந்து காவல் துறையின் கணிப்பொறிக்குப் போகும்போதுதான் ஆளைப் பிடிக்கிறது.

2001 செப்டம்பர் 11-க்குப் பிறகு அமெரிக்க அரசு பறக்கத் தகாதவர் பட்டியல் ஒன்றைப் பெருக்கத் தொடங்கியது. அதனோடு, பறக்கலாம், ஆனால் கூடுதலாகச் சோதிக்கப்பட வேண்டும் என்றொரு துணைப்பட்டியலும் இருந்தது. பட்டியலில் ஏறியவர்க்கு அது தெரிவிக்கப்படுவதில்லை. பயணச்சீட்டோடு நிற்கும்போதுதான் தெரியவரும். தொடக்கத்தில் விமான நிறுவனங்களே பயணியர் பெயரைப் பட்டியலோடு ஒப்பிட்டன. 2004-இல் எட்வர்டு கென்னடி என்னும் மூத்த செனட்டரே பலமுறை நிறுத்தப்பட்டார். தேடப்பட்ட எவனோ ஒருவன் 'டி. கென்னடி' என்ற புனைபெயரைப் பயன்படுத்தியிருந்தானாம். எட்வர்டு என்பாரை டெட் என்று அழைப்பது அந்நாட்டு வழக்கம். நாடறிந்த அக்குடும்பத்தவர்க்கே அப்பெயரை நீக்கச் சில வாரங்கள் பிடித்தன.

நம் நாட்டவருக்கும் இந்தப் பட்டறிவு உண்டு. நடிகர் ஷாரூக்கான் 2009 ஆகஸ்டில் நியூவார்க் விமான நிலையத்தில் நிறுத்தி வினவப்பட்டார். தம் பெயர் கணிப்பொறியில் தட்டுப்பட்டதே காரணம் என்று அவர் சொன்னார். நம் இராமேசுவரத்து அப்துல் கலாம் அவர்கள் அதே 2009-இல் தில்லியிலும், 2011-இல் நியூயார்க்கிலும் சோதனைக்கு உள்ளானதை இதனோடு சேர்த்துப் பேசுவோர் உளர். நான் சேர்க்க மாட்டேன். அங்கே ஆள் மாறாட்டம் இல்லை. முன்னாள் குடியரசுத் தலைவர் என்று தெரிந்தே சோதித்தார்கள். அது மரியாதை பற்றிய வழக்கு. நான் பேசுவது அடையாளம் பற்றிய வழக்கு.

ஒலி நுட்பம் அறிந்த இந்த அவை சுவைக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. ஒரே பெயரைப் பலவாறாக எழுதுவார்கள் என்பதால், ஒலியொத்த பெயர்களை ஒன்று சேர்க்கும் சவுண்டெக்சு என்னும் முறைக்கு 1918-இல் அமெரிக்காவில் காப்புரிமை தரப்பட்டது. முதலெழுத்தை வைத்துக்கொண்டு, உயிர்களை நீக்கி, மெய்களுக்கு இனம் பார்த்து எண் கொடுப்பது அதன் வழி. இனவெழுத்து என்ற கருத்தைத் தொல்காப்பியம் படித்த நமக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால் இந்த முறையில் நம் பெயர்களை ஆங்கில எழுத்தில் இட்டுப் பாருங்கள். இராமனுக்கு ஆர் 550 என்று வரும். ரகுமானுக்கும் அதுவே. ரமணிக்கும் அதுவே. இராமனும் ரகுமானும் ஒருவரே என்று நம் மேடைகளில் முழங்கியவர் பலர். கணிப்பொறி அதை எந்த உருக்கமும் இல்லாமல் சொல்லிவிடுகிறது! மறுபுறம், செல்வன் என்ற பெயரை 'எஸ்' இட்டு ஒருமுறையும் 'சி' இட்டு ஒருமுறையும் எழுதினால் அதே கணிப்பொறி இருவர் என்று கொள்கிறது. இருவரை ஒருவராக்குவதும் ஒருவரை இருவராக்குவதும் ஒரே கருவியின் வேலை.

தமிழர் பெயரில் வேறொரு சிக்கலும் உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, தலைப்பெழுத்து உண்டு. மேலைநாட்டுப் படிவமோ இரண்டு கட்டங்களை வைத்து இரண்டையும் நிரப்பச் சொல்கிறது. கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ளவர்க்கு அமெரிக்க விசாவில் முதற்பெயர்க் கட்டத்தில் 'எஃப்.என்.யூ.' என்று அச்சிட்டுத் தருகிறார்கள். முதற்பெயர் அறியப்படவில்லை என்பதன் சுருக்கம் அது. பெயர் சூட்டு விழா நடத்தி, பாட்டனார் பெயரை வைத்து வளர்த்த பிள்ளைக்கு அங்கே கிடைக்கும் பெயர் அறியப்படாதவன் என்பது. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர்க் கடவுச்சீட்டுடன் வரும் பார்வையாளர்க்கு இடமில்லை என்று அறிவித்தது. பின்னர் தந்தை பெயர் கடவுச்சீட்டின் பின்பக்கத்தில் இருந்தால் போதும் என்று தளர்த்தினார்கள். கணக்காயனார் மகனார் நக்கீரனார் ஒருவாறு துபாய்க்குப் போய்விடலாம்.

அமெரிக்காவிலும் 2009 தொடங்கி 2010-க்குள் ஒப்பிடும் பணியை அரசே ஏற்று, முழுப்பெயர், பிறந்த நாள், ஆணா பெண்ணா என்ற மூன்றையும் கேட்டுப் பெற்றது. பெயர் மட்டும் போதாது என்று நம் தொகையாசிரியர்கள் கண்டதை அவர்கள் எட்டாண்டு அல்லலுக்குப் பின் கண்டார்கள். அதனால் குழப்பம் குறைந்தது உண்மை. அதை மறைப்பது நேர்மையாகாது.

ஆயினும் பெயர் சரியாகவே இருந்து, ஆளும் அவரேயாக இருந்து, பட்டியலே பிழையானால் என்ன செய்வது? இங்கேதான் நான் சொல்ல வந்த வழக்கு தொடங்குகிறது.

ரஹீனா இப்ராகிம் மலேசிய நாட்டுப் பெண்மணி. கட்டடக்கலை அறிஞர். நான்கு மக்களின் தாய். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தார். 2005 ஜனவரி 2 அன்று, தம் ஆய்வைத் தாய்நாட்டில் ஒரு கருத்தரங்கில் அளிப்பதற்காகப் பதினான்கு வயது மகளுடன் சான்பிரான்சிஸ்கோ விமான நிலையத்துக்கு வந்தார். அறுவை சிகிச்சை செய்துகொண்ட உடல். சக்கர நாற்காலி கேட்டிருந்தார். பெயரைப் பார்த்ததும் காவலர் வந்தனர். மகளின் கண்முன் கைவிலங்கு பூட்டி அழைத்துச் சென்றனர். ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கழித்து விடுவித்தனர். மறுநாள் அவர் பறக்கவும் செய்தார். திரும்பி வரத்தான் முடியவில்லை. அம்மாதமே அவருடைய விசா நீக்கப்பட்டது. முனைவர் பட்டத்தை மலேசியாவில் இருந்தபடியே முடித்தார். 2009-இல் மீண்டும் விண்ணப்பித்தபோதும் விசா மறுக்கப்பட்டது. 

2006-இல் அவர் வழக்குத் தொடுத்தார். அரசு, இது நாட்டின் மறைபொருள், வெளியிட இயலாது என்று வாதாடியது. வழக்கு இருமுறை மேல்முறையீட்டு மன்றம் சென்று திரும்பியது. 2013 டிசம்பரில்தான் விசாரணை நடந்தது. அதற்கும் அவர் நேரில் வர முடியவில்லை. சாட்சி சொல்லப் புறப்பட்ட மகள் அமெரிக்கக் குடியுரிமை உடையவர். அவரும் கோலாலம்பூரில் விமானம் ஏற முடியாமல் நின்றார். விசாரணையின் இடையே பலமுறை பொதுமக்களை வெளியேற்றிவிட்டுக் கதவை அடைத்துக்கொண்டு பேசினார்கள்.

அத்தனை பூட்டுக்கும் உள்ளே இருந்தது என்ன தெரியுமா? ஒரு படிவம். 2004 நவம்பரில் புலனாய்வு அலுவலர் ஒருவர் அதை நிரப்பினார். "கீழ்க்காணும் பட்டியல்களில் இவரைச் சேர்க்க வேண்டா" என்னும் பொருள்பட எதிர்மறையில் அமைந்த படிவம் அது. அவர் அதை உடன்பாடாகக் கொண்டார். குறியிட வேண்டிய கட்டத்தை விட்டார், விட வேண்டியதில் குறியிட்டார். ரஹீனாவைத் தடைப்பட்டியலில் சேர்ப்பது அவர் நோக்கமே அன்று. தாம் செய்த பிழை 2013-இல் வழக்கறிஞர்கள் வினவியபோதுதான் அவருக்கே தெரிந்தது. ஓர் எதிர்மறை இடைச்சொல்லைத் தவறாகப் படித்ததன் விலை ஒன்பது ஆண்டு. உரையாசிரியர்கள் எதிர்மறைத் தொடர்களில் அத்தனை கவனம் செலுத்தியதைப் பார்த்து மாணவப் பருவத்தில் நகைத்திருக்கிறேன். இப்போது நகைப்பதில்லை.

2014 ஜனவரியில் நீதிபதி வில்லியம் ஆல்சப் தீர்ப்பளித்தார். அறுவை மருத்துவர் தவறான விரலை வெட்டியதற்கு நிகரான அலுவலகப் பிழை இது என்றார். பதிவேடுகள் அனைத்திலும் பிழையின் தடத்தைத் துடைத்து, அதை ரஹீனாவுக்குத் தெரிவிக்கவும் ஆணையிட்டார். கட்டணம் பெறாமல் வாதாடிய வழக்கறிஞர்களின் செலவு பற்றிய பூசல் 2019 வரை நீண்டது.

இந்தத் தீர்ப்பைப் படித்த இரவில் நான் சிலம்பை எடுத்து மதுரைக் காண்டத்தைப் புரட்டினேன். பொற்கொல்லன் சொல்லை ஆராயாமல் மன்னன் ஆணையிடுகிறான். காவலர் கோவலனைப் பார்த்து, இவன் கள்வன்போல் தோன்றவில்லையே என்று ஐயுறுகிறார்கள். அந்த ஐயம் அவனைக் காத்திருக்க வேண்டும். பொற்கொல்லனோ கள்வர்க்குரிய பொது இலக்கணங்களை அடுக்குகிறான். எதிரில் நிற்கும் ஆளைக் காட்டிலும் அந்த வரிசை வலிமை பெற்றுவிடுகிறது. கல்லாதான் ஒருவன் வாளை வீசிவிடுகிறான். சான்பிரான்சிஸ்கோவிலும் சக்கர நாற்காலிப் பெண்ணைப் பார்த்து எவரேனும் ஐயுற்றிருக்கக்கூடும். திரையில் இருந்த பெயர் அந்த ஐயத்துக்கு இடம் தரவில்லை.

ஒப்புமை அங்கேயே முடிந்துவிடுகிறது. கண்ணகிக்கு வாயிலோன் வழி விட்டான். அவள் வழக்குரைத்தாள். மன்னன் கோவலனிடமிருந்து எடுத்த சிலம்பைக் கொணரச் செய்து அவள்முன் வைத்தான்; முத்தா மாணிக்கமா என்பது அவை நடுவே தெரிந்தது. தவறு தெரிந்த அக்கணமே அவன் உயிர் நீத்தான். அத்தகைய முடிவை இன்றைய அரசுகளிடம் எவரும் கேட்கவில்லை. சிலம்பைக் கொண்டுவந்து அவையில் வைக்க ஒன்பது ஆண்டு மறுத்தார்களே, அதைத்தான் என்னால் ஏற்க இயலவில்லை. பாதுகாப்பு வேண்டியதுதான். நம் சுரங்க வாயிலில் அடையாள அட்டை பார்க்கும் மத்தியத் தொழிலகப் பாதுகாப்புப் படைதான் மீனம்பாக்கத்திலும் நிற்கிறது. ஆனால் இங்கே நம்மை மறித்தால் மேலாளரை அழைத்து, இவர் நம்மவர் என்று சொல்லச் செய்யலாம். அங்கே யாரை அழைப்பது?

நம் நகரியத்துப் பிள்ளைகள் பலர் இன்று வெளிநாடுகளில் படிக்கிறார்கள், பணிபுரிகிறார்கள். பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள். கடவுச்சீட்டில் உள்ள எழுத்துக்கூட்டலையே பயணச்சீட்டிலும் எழுதுங்கள். தலைப்பெழுத்தை விரித்து எழுதுங்கள். பெயரொப்புமையால் அடிக்கடி நிறுத்தப்படுவோர் முறையிட்டால், அமெரிக்க அரசு தனி எண் ஒன்று தருகிறது. பயணம் பதியும்போது அதைக் குறிப்பிட வேண்டும். இது கவியரங்கில் சொல்லும் செய்தி அன்றுதான். ஆனால் கேட்பவர் இங்கேதானே இருக்கிறீர்கள்.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். அடுத்துக் கவிதை படிக்கவிருப்பவர், நான் முன்பு சொன்ன அந்தப் பொங்கல் வாழ்த்து நண்பர்தான். அழைப்பிதழில் எங்கள் பெயர்களை அடுத்தடுத்து அச்சிட்டு, குழப்பம் வராதிருக்க அவரவர் வட்ட எண்ணையும் போட்டிருக்கிறார்கள். எண் இரண்டும் இடம் மாறியிருக்கின்றன. என் வட்டத்து நண்பர்கள் அவருக்கும் கை தட்டுமாறு கேட்டுக்கொண்டு அமைகிறேன்.