தாய்மாரின் சோர்வும் ஒரு சிறு சுரப்பியும்



இரயில்வே குமாஸ்தாவாகிய யாம் பிட்யூட்டரிச் சுரப்பியைப் பற்றிப் பேசத் துணிந்தது, அது நம் இல்லங்களைத் தொடுவதால். மூளையடியில் பட்டாணியளவே உள்ள அது, பிற சுரப்பிகளை நடத்தும் கண்ட்ரோல் ஆபீஸ் எனலாம். கருவுற்ற காலத்தில் பருக்கும். பேற்றின்போது குருதி மிகப் போனால் பட்டுப்போகும். 1937இல் ஷீஹன் என்னும் மருத்துவர் இதனை விளக்கினார். பால் சுரவாது, மாதவிலக்கு வாராது, குளிர் தாங்காது, ஆண்டுக்கணக்கில் சோர்வு. வீட்டார் இடும் பெயரோ சோம்பல்!

காஷ்மீரப் பள்ளத்தாக்கில் மகப்பேறு கண்ட மகளிருள் நூற்றுக்கு ஏறத்தாழ மூவர்க்கு இந்நோய் இருந்ததாக 2005இல் ஸ்ரீநகர் மருத்துவர்கள் வெளியிட்டனர். அவருட் பலர் வீட்டிலேயே பெற்றவர். முதலில் கார்ட்டிசோன் வகை மாத்திரை, பின்னரே தைராய்டு மாத்திரை. முறை மாறின் உயிர்க்கு இடர். கொல்லங்கோட்டிலிருந்து பாலக்காட்டு மருத்துவரிடம் செல்லுங்கால், பேற்றில் குருதி மிகப் போனதைப் பத்தாண்டு கழிந்திருப்பினும் கூறுங்கள்.