சாட்டைக்குப் பலம் வேண்டாம்

நேயர்களே, ‘எங்க வீட்டுப் பிள்ளை’யில் (1965) எம்.ஜி.ஆர். எடுத்த சாட்டை நமக்கெல்லாம் நினைவிருக்கும். தைப்பூசத்திலும், கிள்ளான் பக்கத்து முனியாண்டி கோயில்களிலும் பார்த்திருப்பீர்கள். பிரிக்பீல்ட்ஸ் இளைஞர் ஒருவர் கேட்டார்: “அக்கா, ‘படீர்’னு சத்தம் வர எவ்வளவு பலமா வீசணும்?”

பலமே வேண்டாம், தம்பி! சாட்டை எதன்மீதும் பட்டு அந்தச் சத்தம் வருவதில்லை. வீசும்போது உண்டாகும் வளைவு, மெல்லிய நுனியை நோக்கி ஓட ஓட வேகமெடுத்து, ஒலியையே முந்துகிறது. வினாடிக்குச் சுமார் 340 மீட்டர்! அதுதான் வெடிக்கிறது.

சாட்டையைப் பின்னால் நேராக விரித்துப் போடுங்கள். கையை நிதானமாகத் தலைக்கு மேல் உயர்த்தி, முன்னால் வீசி, தோள் உயரத்தில் சட்டென நிறுத்துங்கள். வெடுக்கென்று திரும்ப இழுத்தால் நுனி உங்கள் முகத்துக்கே வரும். பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம்.

ஆளில்லாத திடலில் பழகுங்கள். கோயில் கூட்டத்தில் வேண்டவே வேண்டாம். அங்கே அப்பாவின் தோளில் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள்; நுனி பாயும் உயரத்தில்தான் அவர்கள் கண்கள் இருக்கும்.